குறை சொல்கிற கேங்

"எல்லாம் நல்லம் மிஸ்."

வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு மலைநாட்டில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குகிற எங்களைப் போன்றவர்கள் அதிகம் எழுதிய பதில் இதுவாகத்தான் இருக்கும். கங்காணி எப்படி? நல்லம். கேங்குக்குள்ள ஒத்துமை? நல்லம். இன்னைக்கு என்ன வேலைன்னு காலையிலேயே வெளங்குதா? எல்லாம் நல்லம். ஐந்துக்கு எத்தனை போடுவீங்க என்றால், வேறென்ன, ஐந்து. அந்த ஐந்துகளையெல்லாம் ஒருவர் கூட்டிப் பிரித்து 4.8 என்று எடுப்பார். அறிக்கையில் ஒரு கட்டம் பச்சையாகும். அடுத்த வாரம் அதே கேங், கொழுந்து நிறுக்கிற தராசு சரியில்லை என்று காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்திலேயே உட்கார்ந்துவிடும். முகாமையாளருக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கு இருக்காது.

நான் பட்டிப்பொலக்காரி. இலங்கையின் ஆக உயரமான ரயில் நிலையம் எங்கள் ஊரில், 6,226 அடி. ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் இறங்கி, அந்தப் பலகையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்களுக்கு அது உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் விளைகிற ஊர், பக்கத்தில் அம்பேவெல மாட்டுப்பண்ணை, ஜனவரியில் புல் நுனியில் உறைந்து நிற்கிற பனி. அப்பா ரயில் பாதை கேங்கில் வேலை செய்தார். அம்மா கல்யாணத்துக்கு முன் நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவர். நான் ஏ.எல். முடித்துவிட்டு, தகவல் சேகரிக்க ஆள் தேடிய ஒரு நிறுவனத்தில் கொஞ்ச நாளைக்கு என்று சேர்ந்தேன். அதுவே பிழைப்பாகிவிட்டது. தேயிலைத் தோட்டம், மரக்கறி பொதி செய்யும் இடம், ஹோட்டல் சமையலறை, ஆடைத் தொழிற்சாலை என்று கூட்டாக வேலை செய்கிற ஆட்களிடம் போய், உங்கள் கூட்டு எப்படி நடக்கிறது என்று கேட்பதுதான் என் வேலை.

இப்போது எல்லா இடத்திலும் இதற்கு ஒரு மவுசு வந்திருக்கிறது. 'குழுச் செயற்றிறன் கணிப்பு' என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் புள்ளி வாங்கித் தரச் சொல்கிறார்கள். எந்தக் குழு முதலாவது, எது கடைசி என்று பார்த்துவிட்டு, முதலாவதுக்கு ஒரு கேடயமும் கடைசிக்கு ஒரு விசாரணையும் கொடுக்கிற எண்ணம். பள்ளிக்கூடத்துத் தவணைப் பரீட்சை இங்கே பொருந்தாது என்று விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் பாதி நாள் போய்விடும்.

அந்த ஐந்து புள்ளி எங்கிருந்து வந்தது என்பதிலிருந்தே தொடங்கலாம். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர், மனிதர்களின் மனப்பாங்கை எண்ணாக்குவதற்கு ஒரு எளிய வழியை வெளியிட்டார். ஒரு வாக்கியத்தைச் சொல்வது. முழுதும் சரி, சரி, இரண்டுமில்லை, சரியில்லை, முழுதும் சரியில்லை என்ற ஐந்தில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வது. இவ்வளவுதான் விஷயம். ஒரே விஷயத்தைச் சுற்றிப் பல வாக்கியங்களைக் கேட்டுக் கூட்டினால், ஓர் ஆளின் சாய்வு ஓரளவு தெரியும் என்பது கணக்கு. இன்றைக்கும் உலகம் முழுக்க வேலைத்தளக் கணிப்புகள் பெரும்பாலும் இந்த ஏணியில்தான் ஏறுகின்றன.

ஆனால் என்ன வாக்கியம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உனக்குச் சம்பளம் போதுமா, வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்பது ஆளின் திருப்தியைப் பற்றிய கணிப்பு. அதற்கும் குழு நன்றாக வேலை செய்கிறதா என்பதற்கும் நேரடித் தொடர்பில்லை. அரட்டையும் சிரிப்புமாக மகிழ்ச்சியாக இருந்துகொண்டே ஒன்றும் செய்யாத குழுவை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில். குழுவைப் பற்றிய கணிப்பு வேறு மாதிரி கேட்கும். நம் கேங்கில் யார் யார் என்று தெளிவாகத் தெரியுமா? இன்றைய வேலை எப்போது முடிந்ததாகக் கணக்கு? ஒருத்திக்கு முடியாவிட்டால் மற்றவள் கை கொடுப்பாளா? சாமான் நேரத்துக்கு வருகிறதா? ஒரு பிழையைக் கண்டால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? 'நான்' என்று பதில் சொல்கிற கேள்விகளை எடுத்துவிட்டு, 'நாங்கள்' என்று பதில் வருகிற கேள்விகளாகப் போட வேண்டும்.

"அதெல்லாம் எதுக்கு? எத்தனை கிலோன்னு ஒவ்வொரு நாளும் எழுதுறோமே" என்று ஒரு வெளிக்கள உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தேயிலைத் தோட்டத்தில் குழுவை அளப்பது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. பெரிய கங்காணி காலத்தில், வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்தார்கள். ஆகவே எத்தனை தலை என்பதே அன்றைய அளவு. சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து, கடனில் கட்டி வைத்து, கடனைத் தீர்த்தால் விடுவதாக எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போகவிடாமல் வைத்திருந்த காலம் அது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. பிறகு கிலோதான் எல்லாம். எடுத்த கொழுந்து போதாவிட்டால் முழுப் பேர் விழாது, அரைநாள் சம்பளத்துக்கான அரைப் பேர்தான்.

கிலோ பொய் சொல்லாது, ஆனால் யாரைப் பற்றிப் பேசுகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் ஊர் நிலையத்தைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும், அதற்கு அந்தப் பக்கம் ஒஹிய. ஜூலையில் அந்த ரயிலில் போய்ப் பாருங்கள். இந்தப் பக்கம் தென்மேல் பருவக்காற்றின் மழையும் மூடுபனியும்; சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் ஊவாவின் வெயிலும் காய்ந்த காற்றும். அதே மாதத்தில் இந்தப் பக்கத்துக் கேங் ஒன்றும் அப்புத்தளைப் பக்கத்துக் கேங் ஒன்றும் எடுத்த கிலோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அளப்பது மலையையா ஆளையா? இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஒரே டிவிஷனில் ஒரு மலை கவ்வாத்து வெட்டிய மறு வருஷத்தில் இருக்கும். மற்றது அடுத்த கவ்வாத்துக்கு நெருங்கி, துளிர்க்காமல் வங்கி கட்டிக் கிடக்கும். ஒன்று சமதரை, ஒன்று ஆள் நிற்க முடியாத சரிவு. மழை நாளில் இலையில் ஒட்டிய தண்ணீருக்கென்று கிலோ கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பது நிறுக்கிறவர் கையில். இத்தனையும் கலந்து வருகிற ஓர் எண், குழு நன்றாக ஓடுகிறதா என்பதைத் தனியாகச் சொல்லித் தராது. கிலோவோடு கேள்வியும் வேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்பது தொழிற்சாலை உலகத்துக்கு எப்படிப் பழக்கமானது என்பது சுவையான கதை. சிக்காகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பனியின் ஹோதோர்ன் தொழிற்சாலை. தொலைபேசிக்கான கருவிகள் செய்த இடம். 1924இல் அங்கே வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். அது எங்கெங்கோ போய், 1928 முதல் 1930 வரை 21,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பேட்டி காண்பதில் வந்து நின்றது. முதலில் தயாரித்த கேள்விகளைத்தான் கேட்டார்கள். தொழிலாளிகளோ கேட்டதை விட்டுவிட்டுத் தங்களுக்கு முக்கியமானதைப் பேசிக்கொண்டு போனார்கள். கடைசியில் கம்பனி கேள்வித்தாளை ஒதுக்கிவிட்டு, அவர்கள் போக்கில் பேச விட்டுக் கேட்கத் தொடங்கியது. பேட்டிகள் நீண்டன. என் தொழிலில் இருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கேள்வித்தாளில் இல்லாததைச் சொல்ல ஒரு இடைவெளி வைக்காத கணிப்பு, கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை மட்டும் திருப்பிக் கொடுக்கும்.

அதற்குப் பிறகு அங்கே ஒரு அறையில் 14 ஆண்களை வைத்து, 1931 முதல் 1932 வரை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பி இணைக்கிற வேலை. குழு முழுவதும் கூடுதலாகச் செய்தால் எல்லோருக்கும் கூடுதல் பணம் என்ற சம்பள முறை. ஆகவே ஒருவரையொருவர் முடுக்கிவிடுவார்கள் என்பது நிர்வாகத்தின் எண்ணம். நடந்தது வேறு. ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று அவர்களுக்குள் ஒரு அளவு இருந்தது. அதற்கு மேல் ஓடுகிறவனுக்குத் தோளில் ஒரு குத்து விழும். மெத்தனமாக இருப்பவனுக்கும் மரியாதை இல்லை. மேலதிகாரியிடம் காட்டிக் கொடுப்பவன் மனுஷனே இல்லை.

இதை நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு கேங்கில் சொன்னபோது, மூத்த அம்மா ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம கதைய எவன் போய் வெள்ளக்காரன்கிட்ட சொன்னான்?" பிறகு மெதுவாக விளக்கினார். நல்ல கொழுந்து இருக்கிற நாளில் கை வேகம் உள்ள பிள்ளைகள் அள்ளிக்கொண்டு வந்தால், அதைக் காட்டியே எல்லோருக்கும் கிலோவை ஏற்றிவிடுவார்கள். காய்கிற மாதத்தில் அந்தக் கிலோவுக்கு எங்கே போவது? "அதனால கொஞ்சம் பாத்துதான் புள்ள எடுப்போம். ஒருத்திக்குக் கொறைஞ்சா மத்தவ கூடையில இருந்து ரெண்டு கை போட்டுருவோம்." ஒருவருக்கொருவர் உதவுகிறீர்களா என்ற கேள்விக்கு இந்தக் கேங் ஐந்துக்கு ஐந்து போடும். அது பொய்யுமில்லை. அந்த ஒற்றுமை நிர்வாகம் எதிர்பார்க்கிற திசையில் ஓடவில்லை, அவ்வளவுதான். எதற்காக ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்று கேட்காமல் ஒற்றுமைக்குப் புள்ளி போட்டு என்ன பயன்?

இதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது வைத்தியசாலைக் கதை. ஏமி எட்மன்சன் என்பவர் ஹாவர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, நல்ல குழுவாக வேலை செய்கிற வார்டுகளில் மருந்து கொடுப்பதில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று நினைத்து, தாதியரிடம் குழுவைப் பற்றி ஒரு கணிப்பு நடத்தினார். பிழைகளின் எண்ணிக்கை வேறு வழியில் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தலைகீழாக இருந்தது. கணிப்பில் நல்ல குழு என்று வந்த வார்டுகளில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. நல்ல குழு அதிகம் பிழை விடுமா? இல்லை. அங்கே பிழையை மறைக்கத் தேவையில்லாமல் இருந்தது, சொன்னார்கள், எழுதினார்கள். மற்ற வார்டுகளில் வாயை மூடிக்கொண்டார்கள். 1996இல் அதை எழுதினார். 1999இல் ஒரு உற்பத்திக் கம்பனியின் 51 குழுக்களை ஆராய்ந்து, ஏழே ஏழு வாக்கியங்கள் கொண்ட ஒரு கணிப்பை வெளியிட்டார். இந்தக் குழுவில் பிழைவிட்டால் அதைச் சொல்லிக் காட்டுவார்களா, சிக்கலான விஷயத்தை எடுத்துப் பேச முடியுமா, உதவி கேட்பது கஷ்டமா என்ற மாதிரி வாக்கியங்கள். பின்னாளில் கூகுள் கம்பனி தன்னுடைய 180 குழுக்களை ஆராய்ந்து, எது நல்ல குழு என்று தேடியபோதும் இந்தப் பயமின்மைதான் முதலாவதாக வந்தது.

எட்மன்சனைப் பற்றி நான் படித்தபோது எங்கள் வீட்டுப் பேச்சுத்தான் நினைவுக்கு வந்தது. பாதை கேங்கில் இருப்பவர்கள் தங்கள் பகுதியை நடந்தே பார்க்க வேண்டும். எங்கே ஆணி தளர்ந்திருக்கிறது, எந்தச் சிலிப்பர் கட்டை உக்கிவிட்டது, மழைக்கு எந்த மண்திட்டு இறங்கப் பார்க்கிறது. அடைமழை மாதத்தில், ஒரு குறையும் எழுதாமல் ஒரு பகுதியிலிருந்து தகவல் வந்தால் அப்பாவுக்கு நித்திரை வராது. அங்கே குறையில்லை என்று அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. அங்கே யாரும் நடக்கவில்லை என்பார்.

ஆகவே குழுக் கணிப்பு ஒன்றைக் கையில் வாங்கினால் நான் முதலில் தேடுவது உயர்ந்த புள்ளியை அல்ல. நானுஓயாவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் இரண்டு கேங். முதலாவது எல்லாக் கேள்விக்கும் நாலும் ஐந்தும். இரண்டாவதில் இரண்டும் மூன்றும், போதாததற்கு முறைப்பாடு ஒரு பட்டியல். இரண்டாவதின் கங்காணி ஒரு பெண்; அண்மையில்தான் அந்தப் பொறுப்புக்கு வந்தவர். "பொம்பளையைப் போட்டது சரிவரல்ல போல" என்று முகாமையாளர் பேசத் தொடங்கிவிட்டார். நான் வரவுப் பதிவைக் கேட்டேன். முதலாவது கேங்கில்தான் வேலைக்கு வராத நாட்கள் அதிகம். ஆட்கள் வாயால் ஐந்து போட்டுவிட்டு, காலால் வேறு புள்ளி போட்டிருந்தார்கள். ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்தின் தரம் பார்க்கிற பதிவில் இரண்டு கேங்குக்கும் வித்தியாசம் இல்லை. இனி, இரண்டாவது கேங்கின் முறைப்பாடுகள்: கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போகிற குறுக்குப் பாதை இடிந்து கிடக்கிறது, லொறி பிந்தி வருகிறது, நிறுத்து முடிய நின்றே பொழுது போகிறது, படங்கு கிழிந்துவிட்டது, நனைகிறோம். ஒன்றுகூடக் கங்காணியைப் பற்றியதல்ல. ஒன்றுகூடக் கேங்கைப் பற்றியதும் அல்ல.

"அப்ப கங்காணிய மாத்த வேணாமா?" என்றார் முகாமையாளர்.

"லொறிய மாத்துங்க சேர்" என்றேன்.

குழுக்களைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ரிச்சர்ட் ஹக்மன் இதைத்தான் அழுத்திச் சொன்னார். விமான ஓட்டிகளையும் இசைக்குழுக்களையும் பக்கத்திலிருந்து பார்த்தவர். தலைவர் எப்படிப்பட்டவர் என்பதைவிட, குழு நிற்கிற தரை எப்படி இருக்கிறது என்பதே பெரிதென்று அவர் முடிவு. 2005இல் அவரும் ரூத் வேஜ்மனும் எரின் லீமனும் சேர்ந்து வெளியிட்ட கணிப்பு, இது உண்மையில் ஒரு குழுதானா, இலக்குத் தெளிவா, ஆட்கள் பொருத்தமா, வேண்டிய சாமானும் தகவலும் கிடைக்கிறதா என்று நிலைமைகளைத்தான் துருவுகிறது. முதல் கேள்வியே எங்கள் பக்கத்தில் இடிக்கும். காலையில் பிரட்டில் ஆளைப் பிரிக்கும்போது, இந்தக் கேங்கிலிருந்து நாலு பேரை அந்த மலைக்கு, அங்கிருந்து மூன்று பேரைப் புல்லுவெட்ட என்று கலைத்துப் போட்டால், நம் கேங்கில் யார் என்று யார் சொல்வது?

குழுவை அமைத்த விதத்தை மாற்றினாலே போதும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் அகமதாபாத். 1953இல் காலிக்கோ மில்லில் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி ஏறவில்லை. லண்டன் டாவிஸ்டொக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு துண்டு வேலையைப் பல தறிகளில் செய்துகொண்டிருந்தார்; யாருக்கும் சொந்தத் தறி இல்லை, யாருக்கும் சொந்தக் கூட்டாளி இல்லை. ஒரு சிறு குழுவுக்குக் குறிப்பிட்ட தறிகளை முழுதாக ஒப்படைக்கலாம் என்ற யோசனையைச் சொன்னதும், யார் யாரோடு என்று தொழிலாளர்களே பிரித்துக்கொண்டார்கள். உற்பத்தி ஏறியது, துணி சேதமாவது குறைந்தது. ரைஸ் இரண்டையும் அளந்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். வேகத்தை மட்டும் அளந்திருந்தால் சேதத்தில் போய் முடிந்திருக்கும்.

இனி, கேட்கிற விதம். இதில்தான் எங்கள் தொழில் இருக்கிறது. தோட்டத்து ஆபீஸில் வேலை செய்பவர் கேட்கக்கூடாது. சங்கத் தலைவரின் சொந்தக்காரரும் கூடாது. பிரட்டுக்களத்தில் கேட்கக்கூடாது, மடுவத்தில் நிறுக்க நிற்கிறபோதும் கூடாது. நான் குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பரா விறாந்தையையோ மாரியம்மன் கோயில் மண்டபத்தையோ கேட்டு வாங்குவேன். தீபாவளி முற்பணம் கிடைக்கப்போகிற வாரத்தில் கேட்டால் ஒருத்தியும் ஒரு குறையும் சொல்ல மாட்டாள். அந்த நாட்களை நான் தொடுவதில்லை. சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கிற காலம் இன்னும் மோசம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்த காலத்திலும், 2024இல் அடிப்படை 1,350, உற்பத்தியோடு சேர்த்து இன்னொரு 350 என்று 1,700 கணக்கு வந்த காலத்திலும், நான் என்ன கேட்டாலும் அது கிலோவைக் கூட்டுவதற்கான தந்திரம் என்றுதான் பார்த்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பெயர் கேட்பதில்லை. வயதும் கேட்பதில்லை, ஒரு கேங்கில் ஐம்பதைத் தாண்டியவர் ஒருவர்தான் என்றால், வயது எழுதுவது பெயர் எழுதுவதற்குச் சமம். ஐந்து பேருக்குக் குறைந்த குழுவின் பதிலைத் தனியாக வெளியிடவே மாட்டேன். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நான் வாசிக்க, அவர்கள் என்னிடமே பதில் சொல்வதென்றால் மறுபடியும் 'எல்லாம் நல்லம்'தான். அதனால் ஒரு படங்கை மறைப்பாகக் கட்டி, பின்னால் ஐந்து பால்மா டின்களை வைப்பேன். ஒவ்வொன்றிலும் ஒரு முகம்: வாய் நிறையச் சிரிக்கிறது முதல் அழுகிறது வரை. நான் வாக்கியத்தை வாசிப்பேன், ஒவ்வொருவராகப் போய் ஒரு சோளமணியை எந்த டின்னிலாவது போட்டுவிட்டு வருவார்கள். சத்தத்தை வைத்து எந்த டின் என்று கண்டுபிடிக்கிற கெட்டிக்காரிகள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் டின்னுக்குள் துணி போட்டேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிற கையைப் பிடிக்க, நடுவில் சில வாக்கியங்களைத் திருப்பிப் போடுவேன்: எங்கள் கேங்கில் மனதில் பட்டதைச் சொல்ல முடியாது. அதற்கும் சிரிக்கிற முகம் நிறைந்தால், அன்றைய சோளம் முழுவதையும் கோழிக்குப் போட்டுவிடலாம்.

கூட்டிப் பிரிக்கிற இடத்தில் இன்னொரு குழி இருக்கிறது. இரண்டு கேங்குக்கும் சராசரி மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எல்லோரும் மூன்று போட்டார்கள். மற்றதில் பாதிப் பேர் ஐந்து, பாதிப் பேர் ஒன்று. முதலாவது, சுமாராக ஓடுகிற கேங். இரண்டாவது, ஒரு கேங்கே அல்ல; இரண்டு. ஐந்து போட்டவர்கள் கங்காணியின் சொந்தபந்தமாக இருக்கலாம், அதே லயத்தில் இருப்பவர்களாக இருக்கலாம், நல்ல நிரை கிடைக்கிறவர்களாக இருக்கலாம். சராசரி அந்தப் பிளவை மூடிவிடும். ஆகவே சராசரியை மட்டும் கேட்கிறவருக்கு நான் டின்களின் படத்தையே அனுப்பிவிடுவேன்: எந்தக் கேள்விக்கு எந்த டின்னில் எத்தனை மணி. கண்ணால் பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

பிறகு, திருப்பிச் சொல்வது. பெரும்பாலான இடங்களில் இது நடப்பதேயில்லை. ஆட்கள் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், பிறகு ஒரு வருஷம் ஒரு சத்தமும் இல்லை, மறுபடி ஒரு மிஸ் வந்து அதே கேள்விகளைக் கேட்கிறாள். அவர்கள் என்ன சொல்வார்கள்? நான் ஒரு நிபந்தனை போட்டுத்தான் வேலையை எடுக்கிறேன்: முகாமையாளர் பார்க்கிற அன்றைக்கே கேங்கும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன, இரண்டு கேங் இருந்த தோட்டத்தில் அப்படிச் செய்தோம். ஐந்து டின்னையும் சோளத்தோடு விறாந்தையில் வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் வந்ததைக் கொட்டிக் காட்டினேன். லொறி பற்றிய கேள்விக்கு அழுகிற முகத்தில் குவிந்து கிடந்ததைப் பார்த்ததும், முதலாவது கேங்கிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "எங்களுக்கும் லொறி பிந்துதுதான். நாங்க சொல்லல." ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவர்களுடைய கங்காணி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

எல்லோரும் இதற்குச் சம்மதிப்பதில்லை. மரக்கறி பொதி செய்கிற இடமொன்றின் முதலாளி, யார் யார் குறைந்த புள்ளி போட்டார்கள் என்று பெயரோடு வேண்டுமென்றார். என்னிடம் பெயர் இல்லை என்றேன். "கையெழுத்து மாதிரி ஏதாவது...?" சோளமணிக்குக் கையெழுத்து இல்லை முதலாளி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குக் கணிப்பே தேவையில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். கரட் பிடுங்கிக் கழுவி ஏற்றுகிற ஆட்கள் கூட்டாக வந்து கூட்டாகப் போகிறவர்கள். எந்த இடத்துக்கு மறுபடி வருகிறார்கள், எந்த இடத்துக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை என்பதைப் பார்த்தாலே அவருடைய இடத்தின் புள்ளி தெரிந்துவிடும்.

இரண்டாம் முறை போவதுதான் உண்மையில் கஷ்டம். புள்ளி ஏறியதா இறங்கியதா என்று எல்லோருக்கும் அவசரம். நான் போய் முதலில் விசாரிப்பது வேறொன்று: போன தடவை டின்னில் சோளம் போட்டவர்களில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்? ஒருத்தி கொழும்புக்கு வீட்டு வேலைக்கு, ஒருத்தி சவூதிக்கு, ஒருத்தி கல்யாணமாகி இரத்தினபுரிப் பக்கம், இரண்டு பேரை வேறு டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். சில கேங்கில் பாதி முகம் புதிது. அந்த இடங்களில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து அம்புக்குறி போட மாட்டேன். பெயர் மட்டும் பழையது, கேங் வேறு. அதை அறிக்கையில் அப்படியே எழுதிவிட்டு, புதிதாக வந்தவர்களுக்குப் படங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை முதலிலிருந்து விளங்கப்படுத்தத் தொடங்குகிறேன்.